காஞ்சி தந்த அறிஞர் அண்ணாதுரையும் 1947ஆம் ஆண்டு விடுதலை நாளும்

சான்றோர் சரித்திரங்களைப் படிப்பதால் உண்டாகும் பயன்கள் பல. அவற்றுள் தலையாயது, ஒருவர் இக்கட்டான வேளையில் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதை அறிந்து, அத்தகைய வேளை நமக்கு நேருங்கால் நாம் செல்லவேண்டிய நெறியைத் தெளிதலேயாம். புகழும் பதவியும் வந்தெய்திய காலத்துச் செயல்களைக் காட்டிலும், தம்மைச் சூழ்ந்தோர் ஒருபுறம் நிற்கத் தாம் தனித்து நின்ற காலத்துச் செயலே ஒருவரது உள்ளத்தை நன்கு விளக்கும். நமது காஞ்சிமாநகரிற் பிறந்து, தமிழகம் முழுதும் அறிஞர் என்று போற்றப்பெற்ற அண்ணாதுரை அவர்களது வாழ்க்கையில் அத்தகைய வேளையொன்று 1947ஆம் ஆண்டு வந்துற்றது. அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அண்ணாதுரை 1909ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15ஆம் நாள் காஞ்சீபுரத்தில் நடராசன் என்பார்க்கும் பங்காரு அம்மையார்க்கும் மகவாகத் தோன்றினார். நெசவை வாழ்வாகக் கொண்ட செங்குந்தர் குடும்பம் அது. தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளைகளுக்கு வறுமையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டுவதில்லை என்பது நம்மவர் அனைவரும் அறிந்ததே. அண்ணாதுரையும் பச்சையப்பன் பள்ளியிற் படித்துவருங்கால், பொருள்முடை காரணமாகப் படிப்பை இடையே நிறுத்திக் காஞ்சீபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சிலகாலம் பணி செய்ய நேர்ந்தது. பின்னர் முயன்று சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து, 1934ஆம் ஆண்டில் பி. ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். கல்லூரியிற் பயிலும்போதே இராணி அம்மையாரை மணந்தார்.

இனி, அவர் இளமைப்பருவத்துக் காஞ்சியின் நிலைமையைச் சிறிது நோக்குவோம். ஏகாம்பரநாதர் கோபுரமும் வரதராசப் பெருமாள் கோபுரமும் ஓங்கி நிற்கும் இந்நகரம், சமயத்திற்கும் பட்டுக்கும் மட்டுமன்றி, அரசியல் வாதங்களுக்கும் களமாயிருந்தது. 1925ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு திரு. வி. கலியாணசுந்தரனார் தலைமையில் இந்நகரில் கூடிற்று. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பற்றிய தீர்மானத்திற்கு அங்கு இடங்கிடையாமை கண்டு, அதுவரை காங்கிரசிற்கும் கதருக்கும் அயராது உழைத்த ஈ. வெ. இராமசாமிப் பெரியார் மாநாட்டினின்றும் வெளியேறினார். அரசியல் விடுதலை முதலில் வரவேண்டும் என்பார் ஒருசாரார். சாதி இழிவு நீங்காமல் வரும் விடுதலையால் தாழ்ந்தோர்க்கு யாது பயன் என்பார் மற்றொருசாரார். இவ்விரு நெறிகளும் காஞ்சியிலே பிரிந்தபோது அண்ணாதுரை பதினாறு வயது இளைஞர்.

அவர் பின்னாளிற் கைக்கொண்டது இரண்டாவது நெறியை. 1934ஆம் ஆண்டு திருப்பூரில் நடைபெற்ற இளைஞர் மாநாடொன்றிற் பெரியாரைக் கண்டார். அன்றுமுதல் அவரையே தலைவராகக் கொண்டார். 1938ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போரில் நான்கு திங்கள் சிறை சென்றார். 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'திராவிட நாடு' என்னும் வாரப்பத்திரிகையைக் காஞ்சீபுரத்திலிருந்தே தொடங்கி நடத்தினார். மேடைப்பேச்சிலும், நாடகத்திலும், சிறுகதையிலும் அவர் கையாண்ட அடுக்குத்தமிழ் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தது.

ஆயினும் அவர் சேர்ந்திருந்த இயக்கத்தின்மீது நெடுநாளாக ஒரு பழிச்சொல் இருந்துவந்தது. நீதிக்கட்சியார் 1920ஆம் ஆண்டுமுதல் ஆங்கில அரசின்கீழ் மந்திரிசபை அமைத்து ஆண்டவர்கள். அவருட் பலர் அவ்வரசு வழங்கிய பட்டங்களை அணிந்தவர்கள். ஆகவே அவர்கள் வெள்ளையர்க்கு வேண்டியவர்கள் என்று பொதுமக்கள் கருதினர். இப்பழியைத் துடைக்க 1944ஆம் ஆண்டு சேலம் மாநாட்டில் முற்பட்டவர் அண்ணாதுரையே. பிரிட்டிஷார் தந்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் இயக்கத்தார் துறத்தல்வேண்டும் என்னும் தீர்மானம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. கட்சியும் அம்மாநாட்டில் திராவிடர் கழகம் எனப் பெயர் பெற்றது.

நிற்க. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டுமாதம் 15ஆம் நாள் ஆங்கிலேயர் ஆட்சி நீங்கும் என்னும் செய்தி உறுதிப்பட்டது. நாடெங்கும் மகிழ்ச்சிப் பெருக்கு. அவ்வேளையிற் பெரியார், ஆட்சி வெள்ளையர் கையினின்று வடநாட்டார் கைக்கு மாறுகின்றதேயன்றித் திராவிடர்க்கு விடுதலை வந்திலது என்று கருதி, அந்நாளைத் துக்கநாளாகக் கொள்ளுமாறு கழகத்தார்க்கு அறிவித்தார்.

அப்போது அண்ணாதுரைக்கு வயது முப்பத்தேழு. தலைவரோ அவரினும் முப்பதாண்டு மூத்தவர். பதின்மூன்றாண்டு அவரை வழிநடத்தியவர். வாய்மூடி இருந்திருப்பின் எவரும் குறைகூறியிரார். ஆயினும் அவ்வறிஞர் தம் உள்ளத்திற்கு மாறாக மௌனம் பூண்டிலர். காஞ்சியிலிருந்து வெளிவந்த தமது பத்திரிகையிலேயே, அந்நாள் துக்கத்திற்குரியதன்று, இன்பத்திற்குரியது என்று விரிவாக எழுதினார்.

அவர் காட்டிய காரணங்கள் நாம் இன்றும் எண்ணிப்பார்க்கத் தக்கவை. அந்நியர் ஆட்சி என்பது இந்நாட்டார் அனைவர்க்கும் பொதுவான ஓர் இழிவு. அது நீங்குங்கால் மகிழ்தலே மானமுடையார்க்கு இயல்பு. விடுதலை காங்கிரசார் ஒருவர்க்கே உரிய உடைமையுமன்று. பலரது தியாகத்தால் விளைந்த அப்பயன் நாட்டிலுள்ளார் எல்லார்க்கும் உரியது. நமக்குள்ள இடர்கள் இரண்டாயின், அவற்றுள் ஒன்று ஒழிவதைக் கண்டு வருந்துவது அறிவுடைமையாகாது. எஞ்சியதை ஒழிக்கப் பின்னர் முயலலாம். அன்றியும், நாடு களிக்குங்கால் கழகம் கருங்கொடி பிடிக்குமாயின், வெள்ளையர்க்கு வேண்டியவர் என்னும் பழைய பழிச்சொல் என்றும் அழியாதபடி நிலைத்துவிடும். இவ்வாறு எழுதியதோடு, இதன்பொருட்டுத் தாம் கழகத்தினின்றும் நீக்கப்படினும் அதனை ஏற்கச் சித்தமாயிருப்பதையும் அவர் குறிப்பிட்டார்.

திராவிடநாடு தனியே அமையவேண்டும் என்னும் கோரிக்கையை அன்று அவர் கைவிட்டாரில்லை. காங்கிரஸ் ஆட்சியின்பால் தமக்கிருந்த ஐயப்பாடுகளையும் மறைத்தாரில்லை. ஆயினும் மாற்றுக்கட்சியாரது தியாகத்தை மதிப்பதற்கு அவை தடையாயினவல்ல. தம் தலைவரிடத்து அவர் கொண்ட மதிப்பும் குன்றவில்லை. நம் காஞ்சிச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருந்தும், கோர்வை உறுதியாயிருப்பின் ஆடை ஒன்றாகவே நிற்கின்றதன்றோ? கருத்து வேறுபாட்டையும் மரியாதையையும் அவ்வாறு இணைத்துக் காட்டியவர் அவர்.

அக்கோர்வையும் ஈராண்டில் அறுந்தது. பெரியாரது திருமணத்தையொட்டி எழுந்த பிணக்கினால் அண்ணாதுரையும் நண்பரும் பிரிந்து, 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினர். அப்போதும் புதிய கட்சியில் தலைவர் பதவியைப் பெரியார்க்கென்றே வெற்றிடமாக விட்டுவைத்தனர். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற அண்ணாதுரை, ஆட்சிப்பொறுப்பை ஏற்குமுன் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று கண்டதும் அப்பெரியாரையே.

விடுதலை நாளை வரவேற்ற ஒருவர் பின்னர் நாட்டின் நாளொன்றைத் துக்கநாள் என்று அறிவித்ததும் உண்டு. இந்தி ஆட்சிமொழியாகும் நாள் என வகுக்கப்பட்ட 1965ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாளை அவர் கட்சி அவ்வாறு கொண்டது. இதனை முரண்பாடு என்பார் உளர். நாம் கருதுவது வேறு. அந்நியர் நீங்கியதில் அவர்க்கு மகிழ்ச்சி. தம்மவர் ஆட்சியில் தமிழ்மொழிக்குக் குறைவருவதில் வருத்தம். இரண்டும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே இருத்தல் கூடும். 1962ஆம் ஆண்டு அக்டோபரில் சீனப்படை எல்லையிற் புகுந்தபோது, நாட்டின் காவலே முதற்கடமை எனக்கொண்டு அரசிற்குத் துணைநின்றார். அடுத்த ஆண்டில் அவர் கட்சி பிரிவினைக் கோரிக்கையையும் கைவிட்டது. 1947ஆம் ஆண்டு எழுதிய கைக்கும் இச்செயலுக்கும் உறவில்லையென்று சொல்லமுடியுமோ?

தறியையும் அவர் மறந்தாரல்லர். கைத்தறித்துணி விலைபோகாது தேங்கி நெசவாளர் குடும்பங்கள் அல்லலுற்ற 1953ஆம் ஆண்டில், அவரும் அவர் கழகத்தாரும் கைத்தறித்துணியைச் சுமந்து வீதிகளில் விற்றனர். 1957ஆம் ஆண்டு அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய காஞ்சி, 1962ஆம் ஆண்டு அவரைத் தோற்கடித்தது. தோல்வியால் மனங்கசவாது, அவ்வாண்டே தில்லி மேலவைக்குச் சென்று தமிழர் வழக்கை எடுத்துரைத்தார். 1967ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் முதலமைச்சரானார். சென்னை இராச்சியம் என்றிருந்த பெயர் 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் தமிழ்நாடு என மாறிற்று. அதன்பின் மூன்று வாரங்கூட அவர் உயிர்வாழக் கொடுத்துவைக்கவில்லை. பிப்ரவரி 3ஆம் நாள் நோயால் மறைந்தார்.

இறுதியாக ஒன்று கூற விரும்புகின்றோம். அண்ணாதுரை நம் குலத்தவர் என்று பெருமை பேசுதல் எளிது. ஆனால் அவர் தம் பெயரின்பின் குலப்பட்டம் அணிந்தவரல்லர். சாதிவேற்றுமை ஒழிதல்வேண்டுமென்றே உழைத்தவர். அவரைக் குலத்தின் எல்லைக்குள் அடைத்தல் அவர் கொள்கைக்கு ஒவ்வாது. முருகவேளை முப்போதும் தொழும் நம்மவருட் பலர்க்கு அவரது சமயக் கருத்துக்கள் உடன்பாடாகா என்பதையும் நாம் அறிவோம். உடன்படாதாரையும் மதிக்கும் பண்பை அவரே நமக்குக் காட்டியிருக்கின்றார். நம் சங்கக் கூட்டங்களில் இளைஞரொருவர் எழுந்து மூத்தோர் கருத்திற்கு மாறாகக் காரணங்காட்டிப் பேசுவாராயின், அவரை அமரச் சொல்வதற்குமுன் 1947ஆம் ஆண்டைச் சற்று நினைவுகூர்வோமாக. இளைஞரும் மறுத்துரைக்குங்கால் மூத்தோர்பால் அன்பு குன்றாது பேசப் பழகுவாராக. அஃதே அவ்வறிஞர்க்கு நாம் செய்யும் வழிபாடாம்.