‘பீப்... பீப்...’ பந்தின் தந்தை!

குட்டீஸ், 1957ம் ஆண்டு அக்டோபர் 4ம் தேதி, பூமியைச் சுற்றிய முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்-1 விண்ணில் பாய்ந்தது. அது அனுப்பிய ‘பீப்... பீப்...’ சத்தத்தைப் பல நாட்டினரும் ரேடியோவில் கேட்டு அசந்து போயினர். ஆனால், அதை அனுப்பியவர் யார் என்பது வெளியுலகுக்குத் தெரியாது. அவர்தான் செர்கெய் கொரோலெவ்.

இன்றைய உக்ரைன் நாட்டில் உள்ள ஷிட்டோமிர் நகரில், 1907ல் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட, தாத்தா, பாட்டியிடம் வளர்ந்தார். தாத்தாவின் தோளில் உட்கார்ந்து முதல் முறையாக விமானத்தைப் பார்த்த நாளிலேயே பறக்கும் ஆசை ஒட்டிக்கொண்டது. 17 வயதில் கிளைடர் ஒன்றை வடிவமைத்தார். பிறகு மாஸ்கோவில் படித்து, நண்பர்களுடன் சேர்ந்து ராக்கெட் செய்யத் தொடங்கினார்.

1938ல் இடி விழுந்தது. ஸ்டாலின் ஆட்சிக் காலம் அது. பொய்க் குற்றம் சாட்டி, கொரோலெவைக் கைது செய்தனர். பனி உறையும் கொலிமாவில், தங்கச் சுரங்கத்தில் வேலை. சத்தான உணவு இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்து, பற்கள் பல கொட்டின. பிறகு, சிறையில் இருந்தபடியே விமானம் வடிவமைக்க வைத்தனர். 1944ல்தான் விடுதலை. அவர் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1957 ஏப்ரலில்!

அதற்குள் அவர் ஆர்-7 என்ற ராட்சத ராக்கெட்டை உருவாக்கிக் கொண்டிருந்தார். அதில் ஒரு டன்னுக்கும் அதிக எடையுள்ள செயற்கைக்கோளை அனுப்பத் திட்டம். ஆனால், அதன் கருவிகள் தயாராகத் தாமதமானது. அமெரிக்கா முந்திவிடுமோ என்ற கவலை வேறு. கொரோலெவ் ஒரு முடிவெடுத்தார். முதலில் சின்னதாக ஒன்றை அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம்!

58 செ.மீ., விட்டமுள்ள உலோகப் பந்து. எடை 83.6 கிலோ. நான்கு ஆன்டெனா, பேட்டரிகள், ரேடியோ, உள்ளே ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். வெயிலில் சூடேறாமல் இருக்க, பந்தைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்கச் சொன்னார். பந்துக்குள் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டது. அது கசிந்தாலோ, உள்ளே வெப்பம் எல்லை மீறினாலோ ‘பீப்’ சத்தத்தின் நீளம் மாறும். வெறும் சத்தம் இல்லை, அது ஒரு மருத்துவ அறிக்கை! ரேடியோ அலை காற்று மண்டலத்தைத் தாண்டி எப்படி வருகிறது, அவ்வளவு உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் அந்தப் பந்தால் தெரிந்தன. மூன்று வாரம் பேசியது. 1958 ஜனவரி 4ல் எரிந்து போனது.

தாமதமான அந்தப் பெரிய செயற்கைக்கோள், 1958 மே மாதம் ஸ்புட்னிக்-3 என்ற பெயரில் பறந்தது. பாவம், அதன் பதிவுக் கருவி வேலை செய்யவில்லை!

1961ல் யூரி ககாரினை விண்வெளிக்கு அனுப்பியதும் கொரோலெவ்தான். ககாரின் பெயர் உலகெங்கும் பரவியது. இவர் பெயரோ ரகசியமாகவே இருந்தது. பத்திரிகையில் எழுதினாலும் புனைபெயரில்தான்.

1966 ஜனவரி 14ல், அறுவை சிகிச்சையின்போது, 59 வயதில் காலமானார். அதன் பிறகுதான் ரஷ்ய நாளிதழ்கள் அவருடைய படத்தையும் பெயரையும் அச்சிட்டன.