பால் எர்லிக்

நோயுற்றார் ஒருவர் மருந்தை உட்கொள்ளுகின்றார். அது வயிற்றிற் கரைந்து, குருதியிற் கலந்து, உடலெங்கும் பரவுகின்றது. எங்கும் பரவும் அம்மருந்து, குறித்த இடத்தில் தன் ஆற்றலைக் காட்டுவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் பால் எர்லிக் என்னும் செருமானிய மருத்துவ அறிஞர் ஆவர்.

எர்லிக், 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், பிரஷ்ய நாட்டுச் சைலீசியாவில் ஸ்ட்ரேலன் என்னும் ஊரிற் பிறந்தார். அவர்தம் உறவினராகிய கார்ல் வைகர்ட்டு என்பார், உடலின் கூறுகளுக்குச் சாயமேற்றி ஆராய்வதில் வல்லவர். அவர்பாற் கண்ட அக்கலை இளைஞர் எர்லிக்கின் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆடைகளுக்கு வண்ணமூட்டும் சாயங்களை உயிரணுக்களில் தோய்த்து, உருப்பெருக்கியின் வாயிலாக நோக்குவதில் அவர் பெரிதும் ஈடுபட்டார். 1878ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெறுதற்கு அவர் எழுதிய ஆராய்ச்சியுரையும் சாயங்களைப் பற்றியதே.

ஒரு சாயம் ஒருவகை உயிரணுவைப் பற்றிக்கொள்ளுகின்றது. அருகிலுள்ள மற்றொன்றைப் பற்றாது விடுகின்றது. பலரும் கண்டு கடந்த இச்செய்தியில் எர்லிக்கு ஓர் உண்மையைக் கண்டார். உயிரணுக்களில் ஏற்பிகள் சில உள்ளன. பூட்டுக்குப் பொருந்தும் சாவிபோல, அவற்றிற்குப் பொருந்தும் பொருளே அங்குப் பற்றும். பற்றாத பொருள் செயற்படாது என்பதே அவர் கண்ட கொள்கை. அங்ஙனமாயின், நோய்க்கிருமியைப் பற்றி, உடலைப் பற்றாத ஒரு நஞ்சினைக் கண்டறிதல் கூடும் அன்றோ? பயிருக்கு ஊறு செய்யாது களையை மட்டும் அகற்றும் உழவனைப் போல, அம்மருந்து கிருமியை மட்டும் அழிக்கும் என அவர் எண்ணினார். 1891ஆம் ஆண்டில், மெதிலீன் நீலம் என்னும் சாயத்தை மலேரியா நோயாளர் இருவர்க்கு அளித்துப் பயன் கண்டார்.

இதற்கிடையில் காசநோய் அவரையே பற்றியது. எகிப்து நாட்டிற் சென்று தங்கி, நலம்பெற்று மீண்டு, தம் பணியைத் தொடர்ந்தார். உடல் நோயை எதிர்க்கும் முறையினை ஆராய்ந்தமைக்காக, 1908ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவருக்கும் மெச்சினிக்காபு என்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

அக்காலத்தே மேகநோய் மக்கள் பலரை வாட்டியது. அதற்குப் பன்னெடுங்காலமாக அளிக்கப்பட்ட பாதரசம் நோயாளரையும் நலிவித்தது. வேறு கிருமிநோய்க்கு வழங்கிய அட்டாக்சில் என்னும் பாடாண மருந்தோ சிலர்தம் கண்ணொளியைக் கெடுத்தது. ஆதலின் எர்லிக்கும் அவர்தம் துணைவரும், பிராங்பர்ட்டு நகரத்து ஆய்வுக்கூடத்தில், பாடாணம் கலந்த பொருள்களைச் சிறுசிறிதாக மாற்றி அமைத்து, நூற்றுக்கணக்கில் ஆராய்ந்தனர். 606 என்னும் எண்ணிடப்பெற்ற பொருள், முதற்சோதனையில் பயனற்றதெனக் கழிக்கப்பட்டது. 1909ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து வந்த சகாசிரோ ஹாட்டா என்னும் அறிஞர், எர்லிக்கின் பணிப்பின்படி, கழித்தவற்றையும் மீண்டும் சோதித்தார். மேகநோய் ஏற்றப்பெற்ற முயல்கள் அப்பொருளாற் குணமுற்றன. 1910ஆம் ஆண்டில் அது சால்வர்சான் என்னும் பெயரோடு வெளிவந்தது.

எனினும் இடர் நீங்கவில்லை. அம்மருந்து காற்றுப்பட்டாற் கெடுவது. முறைப்படி கரைத்து ஊசிவழியே செலுத்தவேண்டுவது. பிழைபட்ட இடங்களில் நோயாளர் துன்புற்றனர்; அதனால் எர்லிக்கின்மேற் பழியும் எழுந்தது. அவர் பழிக்கு அஞ்சிப் பணியைக் கைவிடாது, எளிதிற் கரையும் நியோசால்வர்சானை 1912ஆம் ஆண்டில் வழங்கினார். 1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

1940க்குப் பின்னர்ப் பெனிசிலின் பரவவே, சால்வர்சான் வழக்கொழிந்தது. ஆயினும் எர்லிக்கின் கொள்கை ஒழியவில்லை. பெனிசிலினும் கிருமியின் சுவரை அமைக்கும் நொதியைப் பற்றியே அதனை அழிக்கின்றது. மனிதரின் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லை; ஆதலின் அவை அழிவதில்லை. இன்றும் புதுமருந்து காண்போர், அஃது எதனைப் பற்றும், எதனைப் பற்றாது என்றே ஆராய்கின்றனர். கழித்த பொருளையும் மீண்டும் எடுத்து நோக்கிய பொறுமையே எர்லிக்கிற்கு வெற்றி தந்தது.