அல்-குவாரிஸ்மி

முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி (ஏறத்தாழ கி.பி. 780 - ஏறத்தாழ கி.பி. 850) ஒரு கணிதவியலாளரும் வானியலாளரும் புவியியலாளரும் ஆவார். இவர் அப்பாசியக் கலீபாக்களின் தலைநகரான பாக்தாத்தில் வாழ்ந்து, அரபு மொழியில் நூல்களை எழுதினார். பலர் இவரை இயற்கணிதத்தின் தந்தை எனக் குறிப்பிடுகின்றனர். அல்ஜீப்ரா என்னும் சொல் இவரது நூலின் தலைப்பிலிருந்தும், அல்கோரிதம் என்னும் சொல் இவரது பெயரின் இலத்தீன் வடிவத்திலிருந்தும் தோன்றியவை.

வாழ்க்கை

இவரது வாழ்க்கை பற்றிய செய்திகள் மிகக் குறைவாகவே கிடைத்துள்ளன. இவரது பெயர், ஆரல் கடலுக்குத் தெற்கே அமைந்திருந்த குவாரிஸ்ம் பகுதியைச் சுட்டுகிறது. இப்பகுதி தற்போது உஸ்பெகிஸ்தான், துருக்மெனிஸ்தான் ஆகிய நாடுகளில் அடங்கும். இவர் அங்கே பிறந்தவர் என்று சிலரும், இவரது முன்னோரே அங்கிருந்து வந்தவர்கள் என்று வேறு சிலரும் கருதுவர்.

கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீபா அல்-மாமூன் இவரை ஆதரித்தார். கிரேக்க, இந்திய, பாரசீக அறிவு நூல்கள் அரபு மொழிக்குக் கொண்டுவரப்பட்ட காலம் அது. அப்பணிக்குப் பெயர்பெற்ற பைத்துல் ஹிக்மா (அறிவு இல்லம்) என்னும் நூலகத்துடன் இவர் தொடர்பு கொண்டிருந்தார். தமது இயற்கணித நூலையும் வானியல் நூலையும் அல்-மாமூனுக்கே காணிக்கையாக்கினார்.

இயற்கணித நூல்

இவரது புகழ்பெற்ற நூல் ஏறத்தாழ கி.பி. 820-க்கும் 830-க்கும் இடையில் எழுதப்பட்டது. அதன் தலைப்பில் இடம்பெறும் அல்-ஜபர் என்பது நிரப்புதலையும், அல்-முகாபலா என்பது எதிரெதிரே வைத்துச் சமன்செய்தலையும் குறிக்கும். சொத்துப் பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு நாள்தோறும் தேவைப்படும் கணக்குகளை எளிதாக்குவதே தமது நோக்கம் என முன்னுரையில் இவர் விளக்கியுள்ளார்.

இந்நூலில் குறியீடுகள் எவையும் இல்லை. எண்கள்கூடச் சொற்களாலேயே எழுதப்பட்டுள்ளன. அறியப்படாத தொகையை இவர் 'பொருள்' அல்லது 'மூலம்' எனவும், அதன் வர்க்கத்தைச் 'செல்வம்' எனவும் பொருள்படும் அரபுச் சொற்களால் குறித்தார். எந்தக் கணக்கையும் பின்வரும் ஆறு வகைகளுள் ஒன்றாகக் குறுக்கலாம் என்று காட்டினார்.

* வர்க்கங்கள் மூலங்களுக்குச் சமம்
* வர்க்கங்கள் எண்ணுக்குச் சமம்
* மூலங்கள் எண்ணுக்குச் சமம்
* வர்க்கங்களும் மூலங்களும் சேர்ந்து எண்ணுக்குச் சமம்
* வர்க்கங்களும் எண்ணும் சேர்ந்து மூலங்களுக்குச் சமம்
* மூலங்களும் எண்ணும் சேர்ந்து வர்க்கங்களுக்குச் சமம்

ஒவ்வொரு வகைக்கும் தீர்வு வழியை அளித்ததுடன், கடைசி மூன்று வகைகளுக்கும் வடிவியல் முறையில் நிறுவலும் தந்தார். ஒரு வர்க்கமும் அதன் பத்து மூலங்களும் சேர்ந்து 39 ஆகும் என்னும் கணக்கில், பத்தில் பாதியான 5-இன் வர்க்கம் 25. அதை 39 உடன் கூட்டினால் 64. அதன் மூலம் 8. அதிலிருந்து 5-ஐக் கழித்தால் விடை 3. இவ்வழி பள்ளிகளில் வர்க்கப் பூர்த்தி முறை எனக் கற்பிக்கப்படுகிறது.

சொற்கணக்குகள்

சொற்களால் கூறப்பட்ட கணக்கைச் சமன்பாடாக மாற்றும் வழியை இந்நூல் பல எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறது. அவற்றுள் ஒன்றில் பத்து இரு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதியின் வர்க்கம், இரு பகுதிகளின் பெருக்குத் தொகையைப் போல் நான்கு மடங்கு. ஒரு பகுதியைப் 'பொருள்' எனக் கொண்டால் மற்றது பத்திலிருந்து அப்பொருள் குறைந்தது. ஆகவே, ஒரு வர்க்கம் என்பது நான்கு வர்க்கங்கள் குறைந்த நாற்பது பொருள்களுக்குச் சமம். குறையை இரு பக்கமும் நிரப்பினால் (அல்-ஜபர்) ஐந்து வர்க்கங்கள் நாற்பது பொருள்களுக்குச் சமமாகின்றன. எனவே பகுதிகள் 8, 2.

வணிகப் பகுதியில் விலை, கூலி பற்றிய கணக்குகள் உள்ளன. மாதம் பத்து திர்கம் பெறும் தொழிலாளிக்கு ஆறு நாள் கூலி எவ்வளவு என்பது அவற்றுள் ஒன்று. ஆறு நாள் மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் கூலி இரண்டு திர்கம்.

சொத்துரிமைக் கணக்குகள்

நூலின் ஏறத்தாழப் பாதி, இசுலாமியச் சட்டப்படி சொத்தைப் பங்கிடும் கணக்குகளால் ஆனது. ஒருவர் பத்து திர்கம் ரொக்கத்தையும் இரு மகன்களையும் விட்டு இறக்கிறார். மகன்களுள் ஒருவன் தந்தைக்குப் பத்து திர்கம் கடன்பட்டவன். சொத்தில் மூன்றில் ஒரு பங்கு உறவினர் அல்லாத ஒருவருக்கு எழுதி வைக்கப்பட்டுள்ளது. கடனாளி மகனின் பங்கு அவனது கடனில் கழிக்கப்படும். மிஞ்சும் கடன் தந்தை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளப்படும்.

இங்கே சொத்தின் அளவு தெரிந்தால்தான் பங்கைக் கணக்கிட இயலும். பங்கு தெரிந்தால்தான் சொத்தின் அளவை அறிய இயலும். அல்-குவாரிஸ்மி கடனாளி மகனின் பங்கைப் 'பொருள்' எனக் கொண்டார். அப்போது சொத்து என்பது பத்தும் ஒரு பொருளும் ஆகும். மூன்றில் ஒரு பங்கு வெளியாருக்குப் போக, மீதி இரு மகன்களுக்கும் சமமாகப் பிரிவதால் மூவருக்கும் ஒரே அளவு கிடைக்கும். அதாவது, ஒரு பொருள் என்பது 3 1/3 திர்கமும் பொருளில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்ததற்குச் சமம். இரு பக்கமும் பொருளில் மூன்றில் ஒரு பங்கை நீக்கினால் (அல்-முகாபலா) பொருள் 5 எனக் கிடைக்கிறது. ரொக்கத்தில் வெளியாருக்கு ஐந்தும் மற்ற மகனுக்கு ஐந்தும் சேரும். கடனாளி மகன் கையில் எதுவும் பெறுவதில்லை. தீர்வு தவறினால் ஒருவரது உரிமை மற்றவரிடம் போய்விடும் என்பதால் இக்கணக்குகள் நீதியோடு தொடர்புடையவையாக இருந்தன.

பிற பணிகள்

இந்திய எண்முறை பற்றி இவர் எழுதிய நூல் இலத்தீன் வடிவில் எஞ்சியுள்ளது. இந்திய வானியல் முறைகளை அடிப்படையாகக் கொண்டு சிஜ் அல்-சிந்த்ஹிந்த் என்னும் வானியல் அட்டவணைகளைத் தொகுத்தார். கி.பி. 833-இல் முடிக்கப்பட்ட இவரது புவியியல் நூல் 2402 இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைத் தருகிறது.

தாக்கம்

இயற்கணித நூலை 1145-இல் செஸ்டர் நகர ராபர்ட் இலத்தீனில் மொழிபெயர்த்தார். கிரெமோனா நகர ஜெரார்டின் மொழிபெயர்ப்பும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. சொத்துரிமைப் பகுதி இவற்றில் இடம்பெறவில்லை. பிரெடெரிக் ரோசன் 1831-இல் அப்பகுதியையும் சேர்த்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். இத்தாலியர் 'பொருள்' என்பதைக் கோசா என்று வழங்கினர். சமக்குறி 1557-இலும், எழுத்துகளால் கணக்கிடும் வியேட்டாவின் முறை 1591-இலும் வந்தன.

இவருக்கு முன்பே டயோபாண்டசும் பிரம்மகுப்தரும் சமன்பாடுகளைக் கையாண்டுள்ளனர். எனினும் எல்லாக் கணக்குகளையும் சில வகைகளுக்குள் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் பொதுவான வழியைத் தந்தது இவரது தனிச்சிறப்பு. மேலாண்மைப் பள்ளிகளில் சேர 1954 முதல் நடத்தப்பட்டு வரும் ஜிமேட் போன்ற தேர்வுகளின் கூலி, பங்கு, கலவைக் கணக்குகளும் இவ்வழியிலேயே தீர்க்கப்படுகின்றன. தெரியாததற்கு ஒரு பெயரிடுதல், ஒரே தொகையை இருவிதமாகக் கூறுதல், அவற்றைச் சமன்செய்தல் என்பதே அவ்வழி.

1983-இல் சோவியத் ஒன்றியம் இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கும் இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.