முப்பது ரூபாய்க் குமாஸ்தா

1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதியன்று, சென்னைப் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் குமாஸ்தாவாக அமர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்பதற்கு மேல் அவரைப்பற்றி ஊரார் பலர் அறிந்தது ஒன்றுமில்லை. அவரே கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தந்தையார் ஜவுளிக்கடைக் கணக்கர். பள்ளிப் பருவத்தில் கார் என்பார் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான முடிபுகளைக் கூறி, நிறுவும் வழியைப் பெரும்பாலும் கூறாது விட்ட நூல் அது. அவ்வழிகளை அவர் தாமே காண முற்பட்டார். பிறர் குறையாகக் கருதியது அவருக்கு ஆசானாயிற்று. சிலேட்டில் கணக்கிட்டு, முடிபை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். ஏனைய பாடங்களில் மனம் செல்லாமையால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எப்.ஏ. தேர்விலும் தேறினாரில்லை.

1910-இல் அந்நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு திருக்கோவலூர் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். ராமானுஜன் வேண்டியது ஒரு குமாஸ்தா வேலையே. ஏடுகளைக் கண்ட ஐயர் அவரைச் சென்னை அன்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். எனினும், பிறர் பொருளில் நெடுநாள் வாழ ராமானுஜனின் மனம் ஒப்பவில்லை. அதனாலேயே துறைமுக வேலையை நாடினார்.

1913 ஜனவரி 16-இல், கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அவர் கடிதம் விடுத்தார். முன்னரே அந்நாட்டுக் கணித அறிஞர் இருவரை நாடிப் பயன் காணாதவர் அவர். பட்டம் பெறாதவர் என்பதையும், ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் பெறும் குமாஸ்தா என்பதையும் அக்கடிதத்தில் மறைக்கவில்லை. தாம் கண்டவை புதியன என்று கூறவும் கூசவில்லை. இல்லாததை இல்லையென்றும், இருப்பதை இருக்கிறதென்றும் ஒரே கடிதத்தில் எழுதுவது எளிதன்று. நம்முள் பலர் முன்னதைச் சொல்லிக் கூனிக்குறுகுவோம். அல்லது பின்னதைச் சொல்லித் தருக்குவோம்.

அவர் எழுதியவை யாவும் சரியானவையுமல்ல. பகா எண்களைப்பற்றிய அவர் கூற்றில் பிழை இருந்தது. அதை ஹார்டி எடுத்துக்காட்டியபோது அவர் சோர்ந்துவிடவில்லை. தன் ஆற்றலை உணர்ந்தவனே தன் பிழையையும் தாங்க வல்லவன் போலும்!

பின்னர் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சு 17-இல் கப்பலேறினார். 1916-இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிடி கல்லூரியின் பெலோவாகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஆனால் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

தாயகம் திரும்புமுன் நிகழ்ந்த ஒன்றை நாம் மறத்தலாகாது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. அதில் ஒரு பகுதியைப் பெற்றோருக்கு அளிக்குமாறும், தம் தேவைக்கு மேல் எஞ்சுவதை ஏழை மாணவரின் கல்விக்குச் செலவிடுமாறும் அவர் எழுதினார். சம்பளம் இல்லாமல் கல்லூரியினின்று வெளியேறுவதன் துயரம் அவர் அறியாததன்று.

ஊர் விட்டு ஊர் வந்து, பேரேடுகளுக்கும் கோப்புகளுக்கும் இடையே நாளைக் கழிக்கும் நாம் எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆயினும், மேசைமீது கிடக்கும் வேலையே நம் முழு அளவு என்று எண்ணிவிடலாகாது. பாட்டோ, படமோ, கைத்தொழிலோ, நம் வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் மூடிக் கிடக்கலாம். அதைத் திறந்து, அறிந்தார் முன் வைக்கும் துணிவை அந்த முப்பது ரூபாய்க் குமாஸ்தாவிடம் நாம் கற்போமாக!