வானத்தை மனப்பாடம் செய்த மெசியே

இன்றைய பிரான்சின் கிழக்கே பாதோன்வில்லே என்று ஒரு சிற்றூர். சார்லஸ் மெசியே அங்கே 1730-ம் ஆண்டு பிறந்தார். வீட்டில் 12 பிள்ளைகள். இவர் பத்தாவது. 11 வயதில் தகப்பனாரை இழந்தார்.

1744-ல் வானத்தில் ஒரு வால் நட்சத்திரம் தோன்றியது. அதற்கு ஆறு வால்கள்! அதைப் பார்த்துச் சிறுவன் சொக்கிப் போனான்.

1751-ல் பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தார். பெரிய படிப்பு இல்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதற்காகவே தெலீல் என்ற வான நூல் அறிஞர் அவரைக் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டார்.

தப்பான படம்

ஹாலி வால் நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பி வரவேண்டும். அது எங்கே முதலில் தெரியும் என்று தெலீல் படம் போட்டுக் கொடுத்தார். எஜமானர் காட்டிய இடத்திலேயே மெசியே மாதக்கணக்கில் தேடினார். பனியிலும் குளிரிலும் தேடினார். படமோ தப்பு!

1758 டிசம்பர் 25-ந் தேதி, ஜெர்மனியில் பாலிட்ச் என்ற குடியானவர் அதைக் கண்டுவிட்டார். இந்தச் செய்தி பாரிசுக்கு எட்டவில்லை. மெசியே படத்துக்கு வெளியே தேடத் துணிந்தார். 1759 ஜனவரி 21-ந் தேதி அது அகப்பட்டது. தெலீல் அதை வெளியே சொல்ல விடவில்லை. பாவம், மெசியே ஏப்ரல் வரை வாய் திறக்கவில்லை.

பஞ்சுத் துணுக்குகள்

தூரத்தில் இருக்கும் வால் நட்சத்திரத்துக்கு வால் தெரியாது. பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாக இருக்கும். அது நாளுக்கு நாள் இடம் மாறும். இடம் மாறாத மங்கல்களும் வானத்தில் உண்டு. 1758 ஆகஸ்டில் ரிஷப ராசியில் அப்படி ஒன்று அவர் கண்ணில் பட்டது. (1054-ல் வெடித்துத் தெரிந்த நட்சத்திரத்தின் மிச்சம் அது.)

இனி ஏமாறக்கூடாது என்று அவற்றைக் குறித்துவைத்தார். 1774-ல் வெளிவந்த பட்டியலில் 45 இருந்தன. 1781-ல் அது 103 ஆயிற்று. எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எந்த மங்கல் என்பது அவருக்குப் பாடம். புதிதாக ஒன்று வந்தால் கண் அங்கே போய் நின்றுவிடும். கடுகு டப்பா இருக்கும் இடத்துக்கு வீட்டுக்காரியின் கை தானாகப் போகிறதல்லவா, அப்படி!

இதை 1998-ல் அமெரிக்காவில் சுன், ஜியாங் என்ற இருவர் சோதித்தார்கள். எழுத்துகளைத் திரையில் சிதறவிட்டு, ஒன்றை மட்டும் தேடச் சொன்னார்கள். அதே அமைப்பு திரும்பத் திரும்ப வந்தபோது, பார்த்தவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். அது முன்பு பார்த்த அமைப்பு என்பதோ அவர்களுக்கே தெரியவில்லை!

கிடங்கில் விழுந்தார்

மெசியே கண்டுபிடித்த வால் நட்சத்திரங்கள் 13 என்று கணக்கு. 1781 நவம்பரில் ஐஸ் கிடங்கு ஒன்றில் 25 அடி ஆழத்தில் விழுந்தார். கை, தொடை, விலா எலும்புகள் முறிந்தன. ஒரு வருஷம் கழித்து மறுபடி தொலைநோக்கிக்கு வந்துவிட்டார். பிரெஞ்சுப் புரட்சியில் சம்பளம் நின்றது. அப்போதும் தேடுவதை விடவில்லை. 1817-ல் தம் 86-வது வயதில் காலமானார்.

வேண்டாதவை என்று அவர் ஒதுக்கிய அந்த மங்கல்களில் பல, கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட மண்டலங்கள். இன்று ஜனங்கள் அவற்றையே தேடிப் பார்க்கிறார்கள். ரிஷப ராசியில் இருப்பதுதான் முதல் நம்பர்.