பள்ளியில் அடுப்பேற்றிய பெருந்தலைவர்

பெருந்தலைவர் காமராசரை அறியாதார் நம் பங்கில் எவருமிலர். ஆயினும் அவர் பள்ளிகளில் ஏற்றிய அடுப்பின் வரலாறு, அங்கே உண்டு படித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே இம்மலரில் அவரை நினைவுகூர விழைகிறோம்.

1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வீட்டுப் பெண்கள் தனியே எடுத்து வைப்பார்கள். அது பள்ளிக்குப் போகும். பிடியரிசி நம் தாய்மாருக்கும் புதிதன்று. வறுமையால் அந்தப் படிப்பையும் பாதியில் விட்டு, தாய்மாமன் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். பின்பு விடுதலைப் போரும் நெடிய சிறைவாசமும். அவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். பள்ளிகள் திறந்தாலும் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. நமது திண்டுக்கல் சீமை போன்ற மானாவாரிப் பூமியில் காரணம் தேட வேண்டியதில்லை. மாடு மேய்த்தால் கஞ்சியாவது கிடைக்கும். பள்ளியில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-களிலேயே உணவளித்த முன்மாதிரி இருந்தது. அதை நாடு முழுதும் கொண்டுசெல்லத் துணிந்தவர் காமராசர். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு உறுதுணையாக நின்றார்.

1956-இல் எட்டயபுரத்தில் பகலுணவு தொடங்கிற்று. தொடக்கத்தில் ஊரார் கொடையே முதல். பின்னர் அரசு மானியம் வந்தது. ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு என்றால் அரசு 6 காசு, ஊரார் 4 காசு. பிடியரிசிப் பள்ளியில் படித்தவர் வகுத்த கணக்கல்லவா!

அன்னதானம் நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் வீட்டு வாசலில் கையேந்தி வாங்குவது வேறு, வகுப்புத் தோழனோடு ஒரே பந்தியில் அமர்வது வேறு. யார் எங்கே உட்காருவது என்று சாதி பார்த்த ஊர்களில் அந்தப் பந்தி சிறிய காரியமன்று என்பதே நம் எண்ணம். மழை பொய்த்த ஆண்டில் ஏழை ஊருக்கு அந்த 4 காசும் சுமையே என்பதையும் மறைப்பதற்கில்லை. 1961 முதல் அமெரிக்கக் கேர் நிறுவனம் பால்மாவும் எண்ணெயும் தந்து கைகொடுத்தது.

1963 அக்டோபர் 2 அன்று பதவியைத் துறந்தார். 1973-இல் நம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவருடைய கட்சி எம்.ஜி.ஆரின் புதுக் கட்சியிடம் தோற்றது. அரசியல் விந்தையைப் பாருங்கள்: 1982 ஜூலை 1 முதல் பகலுணவைச் சத்துணவாக விரித்தவரும் அதே எம்.ஜி.ஆர்தான். அதைக் காணப் பெருந்தலைவர் இல்லை. சொந்த மனைவி மக்கள் இன்றி வாழ்ந்தவர், 1975 அக்டோபர் 2 அன்று மறைந்திருந்தார்.

2022 செப்டம்பரில் மதுரையில் காலையுணவும் தொடங்கிற்று. 2024-இல் அவருடைய பிறந்தநாளான ஜூலை 15 அன்று, சிற்றூர்களின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது. தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப்பள்ளி.