சுமைதூக்கியாகத் தொடங்கி சிகரம் தொட்ட டென்சிங் நோர்கே

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் உலகின் பல பாகங்களையும் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் எவரெஸ்ட் சிகரத்தின் அடிவாரத்தில் கூடாரமிட்டுக் காத்திருக்கின்றனர். உச்சியில் காற்று ஓயும் சில நாட்களுக்காகவே அந்தக் காத்திருப்பு. பெருந்தொகைப் பணம் செலுத்தி, வழிகாட்டிகளின் துணையுடன் மேற்கொள்ளப்படும் இத்தகைய மலையேற்றப் பயணங்கள் இன்று ஒரு தொழிற்றுறையாகவே வளர்ந்துவிட்டன. சிகரத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வோரின் பெயர்கள் செய்தியாகின்றன. ஆனால், அவர்களுக்கு முன்பாக எழுந்து அடுப்பு மூட்டியவர், கயிறு கட்டியவர், ஒட்சிசன் உருளைகளைச் சுமந்தவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாவதில்லை. அவ்வாறு பெயரற்றுப் போயிருக்கக்கூடிய ஒருவரின் பெயரை உலகமே உச்சரிக்க நேர்ந்த வரலாறுதான் டென்சிங் நோர்கேயின் வாழ்க்கை. அதனை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

டென்சிங் 1914ஆம் ஆண்டு ஷேர்ப்பா இனத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் அவர் பதினோராவது பிள்ளை. யாக் எனப்படும் சடை எருதுகளை மேய்ப்பதே பெற்றோரின் ஜீவனோபாயமாக இருந்தது. அவர் பிறந்தது நேபாளத்தின் கும்பு பிரதேசத்திலா அல்லது எல்லைக்கு அப்பால் திபெத்தின் கார்த்தா பள்ளத்தாக்கிலா என்பது பின்னாளில் சர்ச்சைக்குரியதாகியது. பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. பௌத்த மடாலயத்தின் தலைமை லாமா ஒருவரின் ஆலோசனைப்படியே டென்சிங் நோர்கே என அது மாற்றப்பட்டது. பள்ளிக்கூடம் என்ற ஒன்றை அவர் கண்டதில்லை. பல மொழிகளைப் பேசக்கூடியவராக விளங்கியபோதிலும் எழுதப் படிக்க அவர் கற்றுக்கொள்ளவில்லை.

அக்காலத்தில் நேபாளம் வெளிநாட்டவருக்குத் தனது கதவுகளை மூடியிருந்தது. எவரெஸ்டை நாடிய பிரித்தானியக் குழுவினர் இந்தியாவின் டார்ஜிலிங் நகரில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு திபெத் வழியாகவே சென்றனர். எனவே, வேலை தேடிய ஷேர்ப்பா இளைஞர்கள் டார்ஜிலிங்கை நோக்கி நடந்தனர். டென்சிங்கும் 1930களின் தொடக்கத்தில் வீட்டைவிட்டு வெளியேறி அங்கு சென்று சேர்ந்தார். இத்தொழிலின் அபாயத்தை அந்த இளைஞர்கள் அறியாதவர்களல்லர். 1922ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணத்தின்போது பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்த எழுவரும் சுமைதூக்கிகளே. 1934ஆம் ஆண்டு நங்கபர்வதத்தில் ஜேர்மனியக் குழுவினருடன் சென்ற ஷேர்ப்பாக்களில் அறுவர் மடிந்தனர். இருந்தும் ஆள் திரட்டும் இடத்தில் கூட்டம் குறையவில்லை. வறுமையின் முன்னால் மரண பயம் பின்தள்ளப்படுவது எங்கும் காணக்கூடிய ஒன்றே.

1935ஆம் ஆண்டு எரிக் ஷிப்டன் தலைமையிலான குழு டென்சிங்கைச் சுமைதூக்கியாகச் சேர்த்துக்கொண்டது. 1936, 1938ஆம் ஆண்டுகளிலும் அவர் எவரெஸ்டுக்குச் சென்றார். அன்றைய மலையேற்ற முகாம்களின் நாளாந்த வாழ்வு எத்தகையது என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுவது ஷேர்ப்பாவின் கடமை. பனிக்கட்டியை உருக்கித் தண்ணீராக்கி, தேநீர் தயாரித்து, வெள்ளையரின் கூடாரத்துக்கு அவரே கொண்டுசெல்ல வேண்டும். உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். ஆதலால் உணவு எளிதில் வேகாது. ஒரு பானைத் தண்ணீருக்கு நெடுநேரம் அடுப்பருகே குந்தியிருக்க நேரும். பின்னர் கூடாரங்களைப் பிரித்து மடித்து, சுமையை முதுகிலேற்றி, அடுத்த முகாமை அடைந்ததும் மீண்டும் கூடாரமடித்து அடுப்பு மூட்ட வேண்டும். பாரத்தை மேலே சேர்த்துவிட்டுக் கீழிறங்கி, மறுநாள் மற்றொரு பாரத்துடன் அதே பாதையில் ஏறுவதும் வழமையானதே. இந்த உழைப்பில் டென்சிங் தனித்து விளங்கினார். 1938ஆம் ஆண்டு மிக உயர்ந்த முகாம் வரை சுமை கொண்டுசென்ற ஷேர்ப்பாக்களுக்கு வழங்கப்பட்ட புலிப் பதக்கம் அவருக்கும் கிடைத்தது.

ஆயினும் இல்லத்தில் துயரமே சூழ்ந்தது. மூத்த மகன் நான்கு வயதில் மரணமானான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சித்ராலில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 1944ஆம் ஆண்டு முதல் மனைவி தாவா புட்டியையும் அவர் இழந்தார். சிறுமிகளான இரு புதல்வியருடன் டார்ஜிலிங்குக்குத் திரும்பிய அவர், மலையேற்றக் குழுக்கள் எவையும் வராத காலத்தில் வருமானமின்றி அல்லற்பட்டார்.

அவரது வாழ்வில் திருப்பத்தை ஏற்படுத்தியவர்கள் சுவிற்சர்லாந்து நாட்டவர்களே. 1952ஆம் ஆண்டு வசந்த காலத்தில் எவரெஸ்டுக்கு வந்த அந்தக் குழுவினர், டென்சிங்கை சுமைதூக்கிகளின் தலைவராகிய சிர்தார் என்ற நிலையில் மட்டும் வைத்திருக்கவில்லை. ஏறுவோரில் ஒருவராகவும் ஏற்றுக்கொண்டனர். உறைபனியால் கால்விரல்கள் அனைத்தையும் முன்னரே இழந்திருந்த ரேமண்ட் லம்பேர் அவரது இணையானார். பேசிக்கொள்வதற்குப் பொதுவான மொழியொன்று இவ்விருவருக்கும் இருக்கவில்லை. உறக்கப் பையும் அடுப்பும் இல்லாத ஒரு கூடாரத்தில், மெழுகுதிரிச் சுடரில் பனியை உருக்கிப் பருகி, ஒருவரையொருவர் தட்டிச் சூடேற்றி அவர்கள் ஓர் இரவைக் கழித்தனர். மறுநாள் ஏறத்தாழ 8,600 மீற்றர் உயரத்தை எட்டித் திரும்பினர். அதற்குமுன் எவரெஸ்டில் அவ்வளவு உயரத்தை எவரும் எட்டியதாகப் பதிவில்லை. டென்சிங் தம்மை வெறும் பணியாளராகக் கருதாத மனிதர்களுடன் நடந்த அனுபவம், பின்னர் நிகழ்ந்தவற்றை அவர் எவ்வாறு நோக்கினார் என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

அடுத்த ஆண்டு ஜோன் ஹன்ட் தலைமையிலான பிரித்தானியக் குழு வந்தது. சுமார் 360 சுமைதூக்கிகளைக் கொண்ட பெரும் பரிவாரம் அது. பயணம் ஆரம்பமாகுமுன்னரே பிணக்கு மூண்டது. காத்மண்டுவிலுள்ள பிரித்தானியத் தூதரகத்தில் வெள்ளையர்கள் அறைகளில் தங்க, ஷேர்ப்பாக்களுக்கு வாகனக் கொட்டகையே ஒதுக்கப்பட்டது. அங்கு மலசலகூட வசதிகூட இருக்கவில்லை. ஷேர்ப்பாக்கள் தமது எதிர்ப்பைப் பகிரங்கமாகவே வெளிப்படுத்தினர். இரு தரப்புக்குமிடையில் நின்று சமாதானம் செய்யும் பொறுப்பு சிர்தாரான டென்சிங்கின் தோள்களில் விழுந்தது. தம்மவரின் மனவேதனையை முற்றாக உணர்ந்திருந்தும் பயணம் குலையாமல் அவர் காத்தார்.

கும்பு பனியருவியில் எட்மன்ட் ஹிலாரி பிளவொன்றினுள் விழுந்தபோது கயிற்றை இறுகப் பிடித்து அவரைக் காப்பாற்றியவர் டென்சிங்கே. இவ்விருவரையும் இணையாக்கியதில் அச்சம்பவத்துக்கும் பங்குண்டு. மே 26ஆம் திகதி போர்டிலன், எவன்ஸ் ஆகியோர் தென் சிகரம் வரை சென்று திரும்பினர். மே 28ஆம் திகதி இரவு ஹிலாரியும் டென்சிங்கும் ஏறத்தாழ 8,500 மீற்றர் உயரத்தில் சரிவான ஒரு பாறைத் திட்டில் கூடாரமிட்டுத் தங்கினர். காலையில் ஹிலாரியின் சப்பாத்துகள் உறைந்துபோயிருந்தன. அவற்றை அடுப்பில் காட்டி இளக்கிய பின்னரே புறப்பட முடிந்தது. 1953 மே 29ஆம் திகதி முற்பகல் 11.30 மணியளவில் இருவரும் உலகின் உச்சியில் நின்றனர். சுமார் 15 நிமிடங்களே அங்கு தங்கினர். டென்சிங் தமது சமய மரபுக்கமைய இனிப்புகளைப் பனியில் புதைத்துக் காணிக்கை செலுத்தினார். லம்பேர் அன்பளித்த சிவப்புக் கழுத்துத்துணி அப்போது அவரது கழுத்தில் இருந்தது.

மலையிலிருந்து இறங்கிய பின்னரே கடினமான பாதை ஆரம்பித்தது எனலாம். முதலில் காலடி வைத்தவர் யார் என்ற கேள்வியால் அவர் துளைத்தெடுக்கப்பட்டார். நேபாளமும் இந்தியாவும் அவரைத் தத்தமது புதல்வனாக உரிமை கோரின. ஏறத்தாழ ஒரே நேரத்தில் உச்சியை அடைந்ததாக இருவரும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். எனினும் 1955ஆம் ஆண்டு வெளிவந்த தமது சுயசரிதையில், சில அடிகள் முன்னால் சென்றவர் ஹிலாரியே என்பதை டென்சிங் தயக்கமின்றித் தெரிவித்தார். தமக்குச் சாதகமாகப் பேச இரண்டு தேசங்கள் காத்திருந்த வேளையில் உண்மையைச் சொன்ன நேர்மை இது. பாராட்டிலும் பேதம் இருந்தது. ஹன்டுக்கும் ஹிலாரிக்கும் சேர் பட்டம் அளிக்கப்பட, டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கமே வழங்கப்பட்டது. இதற்குப் பல விளக்கங்கள் கூறப்பட்டபோதிலும், ஒரே கயிற்றில் பிணைந்து ஏறியவர்களை இருவேறு படிகளில் நிறுத்திய செயல் அது என்பதை மறுப்பதற்கில்லை.

புகழை வைத்து டென்சிங் செய்த காரியமே நமது கவனத்துக்குரியது. இந்தியப் பிரதமர் ஜவஹர்லால் நேருவின் ஆதரவுடன் 1954ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் பயிற்சி பெற்றுவந்த டென்சிங் அதன் முதலாவது களப் பயிற்சிப் பணிப்பாளரானார். இரு தசாப்தங்களுக்கும் மேலாக இளைஞர்களுக்கு மலையேற்றத்தை ஒரு கல்வியாகப் போதித்தார். 1978ஆம் ஆண்டு மலைப்பயண நிறுவனமொன்றையும் ஆரம்பித்தார். 1986 மே 9ஆம் திகதி டார்ஜிலிங்கில் அவர் காலமானபோது, அச்சமயம் இந்தியாவில் நியூசிலாந்தின் உயர்ஸ்தானிகராகப் பணியாற்றிய ஹிலாரி இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்.

அவர் மறைந்த பின்னர் வழிகாட்டிப் பயணங்கள் பல்கிப் பெருகின. இலங்கையரான ஜயந்தி குரு உதும்பால 2016ஆம் ஆண்டு எவரெஸ்டை அடைந்தபோது நாமும் பெருமிதம் கொண்டோம். ஆனால் 2014 ஏப்ரல் 18ஆம் திகதி கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் உயிரிழந்த நிகழ்வும் நமது நினைவில் இருக்க வேண்டும். பணம் செலுத்தி வருவோர் அந்தப் பனியருவியைச் சில தடவைகளே கடக்கின்றனர். அவர்களுக்காகச் சுமக்கும் தொழிலாளி பன்மடங்கு தடவைகள் கடக்கின்றார். இறந்தோரின் குடும்பங்களுக்கு ஆரம்பத்தில் அறிவிக்கப்பட்ட உதவித்தொகை 40,000 நேபாள ரூபா மாத்திரமே. அதற்கெதிராக ஷேர்ப்பாக்கள் வேலையைப் புறக்கணிக்க, அவ்வாண்டின் பயணங்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. 1953ஆம் ஆண்டின் வாகனக் கொட்டகையும் 2014ஆம் ஆண்டின் உதவித்தொகையும் சொல்வது ஒன்றையே.

சிகரத்தை அடைவோரை வாழ்த்துவதில் தவறில்லை. அந்த வாழ்த்து, பாதை அமைத்த தொழிலாளியின் நியாயமான ஊதியத்திலும் காப்புறுதியிலும் அவரது பிள்ளைகளின் கல்வியிலும் பிரதிபலிக்க வேண்டும். தமது பிள்ளைகள் தம்மைப் போல் சுமை சுமக்கக்கூடாது என விரும்பி அவர்களைப் படிக்கவைத்தவர் டென்சிங். அந்த விருப்பம் இன்றும் ஒவ்வொரு ஷேர்ப்பாக் குடும்பத்தினதும் விருப்பமாக உள்ளது. அதனை நிறைவேற்றும் கடப்பாடு மலையைத் தேடிச் செல்வோருக்கும், அவர்களிடமிருந்து கட்டணம் அறவிடும் அரசுக்கும் உண்டு என்பதே எமது கருத்தாகும்.